ஆங்கிலத்தில் ‘இஃப் நெசசரி’: எங்கே வைப்பது, எப்போது தவிர்ப்பது

‘தேவைப்பட்டால்’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை ஆங்கிலம் ‘இஃப் நெசசரி’ என்று இரண்டு சொற்களில் சொல்கிறது. அலுவலகக் கடிதம், விண்ணப்பப் படிவம், இயந்திரக் கையேடு, சமையல் குறிப்பு என எதைத் திறந்தாலும் எதிர்ப்படுகிற தொடர் இது. இதன் பொருளில் யாருக்கும் ஐயம் இருப்பதில்லை. தடுமாற்றம் எல்லாம் இதை வாக்கியத்தில் எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான். தொடக்கத்திலா, நடுவிலா, கடைசியிலா என்பதைப் பலரும் காதுக்கு ஒத்துவருகிறபடி முடிவு செய்கிறார்கள். ஆனால் இத்தொடர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே வாக்கியத்தில் எந்தச் செயல் கட்டாயம் நடக்க வேண்டியது, எந்தச் செயல் தேவை வந்தால் மட்டும் நடக்க வேண்டியது என்பது வாசிப்பவருக்குத் தெரியவருகிறது. உரக்கப் படித்துப் பார்ப்பதற்கு வசதியாக ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

இத்தொடரின் முழு வடிவம் ‘இஃப் இட் இஸ் நெசசரி’ என்பதாகும். அதிலிருந்து ‘இட் இஸ்’ என்ற எழுவாயும் வினையும் உதிர்ந்துபோக, நிபந்தனையைக் காட்டும் ‘இஃப்’ என்ற இணைப்புச் சொல்லும் ‘நெசசரி’ என்ற பெயரடையும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ‘இஃப் பாசிபிள்’, ‘வேர் அப்ளிக்கபிள்’ போன்றவையும் இதே வழியில் சுருங்கியவைதான். இந்தப் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே விலகிவிடும். வினை உதிர்ந்துவிட்டதால் காலம் பற்றிய கவலை நமக்கு இல்லை. ‘இஸ்’ போடுவதா ‘வாஸ்’ போடுவதா என்று யோசிக்க வேண்டியதில்லை. ‘வீ வில் ஸ்டே அனதர் டே இஃப் நெசசரி’ என்றால் தேவைப்பட்டால் இன்னொரு நாள் தங்குவோம் என்ற எதிர்காலம். ‘ஷி வாஸ் ரெடி டு செல் த ஹவுஸ் இஃப் நெசசரி’ என்றால் தேவைப்பட்டால் வீட்டை விற்கவும் அவள் தயாராக இருந்தாள் என்ற இறந்தகாலம். இரண்டிலும் தொடர் ஓர் எழுத்துகூட மாறவில்லை. காலத்தை முதன்மை வினையே சுமந்துகொள்கிறது.

சுருங்கிய தொடர் என்பதால் அதற்குள் வேறு எதையும் ஒட்டக்கூடாது என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. தமிழ் பேசுகிறவர்களிடம் மிகுதியாகக் கேட்கிற பிழை, ‘இஃப் நெசசரி மீன்ஸ் கால் மீ’ என்பது. ‘தேவைன்னா கூப்பிடு’ என்பதில் உள்ள ‘ன்னா’வை ‘மீன்ஸ்’ என்று பெயர்த்து வைப்பதால் வரும் விளைவு இது. நிபந்தனையை ‘இஃப்’ ஏற்கெனவே சொல்லிவிட்டது. ‘மீன்ஸ்’ அங்கே செய்வதற்கு வேலையே இல்லை. ‘தேவை இருந்தால்’ என்பதை மனத்தில் வைத்து ‘இஃப் நெசசரி இஸ் தேர்’ என்று சொல்வதும், பெயர்ச்சொல்லைப் போட்டு ‘இஃப் நெசசிட்டி’ என்று எழுதுவதும் இதே வகைப் பிழைகள். ‘மிகவும் தேவைப்பட்டால்’ என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறவர்கள் ‘இஃப் வெரி நெசசரி’ என்று எழுதிவிடுகிறார்கள். அது இயல்பாக ஒலிப்பதில்லை. ‘இஃப் அப்சல்யூட்லி நெசசரி’ என்பதே வழக்கில் உள்ள வடிவம். தேவை வரவே வாய்ப்புக் குறைவு என்று தோன்றினால் ‘இஃப் அட் ஆல் நெசசரி’ எனலாம்.

இனி இடத்துக்கு வருவோம்.

தொடக்கத்தில் வைத்தால் தொடருக்குப் பின் காற்புள்ளி இட வேண்டும். ‘இஃப் நெசசரி, வீ வில் போஸ்ட்போன் த மீட்டிங்’ என்றால், தேவைப்பட்டால் கூட்டத்தைத் தள்ளிவைப்போம். நிபந்தனையை முதலில் சொல்லி, செயலைப் பிறகு சொல்லும் இந்த வரிசை தமிழ்க் காதுக்கு மிகவும் பழகியது; அதனாலேயே நம்மவர்கள் இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். ஒரே கடிதத்தில் மூன்று வாக்கியங்கள் இப்படித் தொடங்கினால் எழுதியவருக்கு எதிலுமே உறுதி இல்லை என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடும். ஆங்கில வாக்கியத்தின் தொடக்கம் கண்ணில் படுகிற இடம்; தேவை வரக்கூடும் என்பதையே முன்னிறுத்த விரும்பினால் ஒழிய அந்த இடத்தை இத்தொடருக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கடைசியில் வைப்பதே மிகவும் பரவலான வழக்கம். ‘யூஸ் அடிஷனல் ஷீட்ஸ் இஃப் நெசசரி’ என்று படிவங்களின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடம் போதாவிட்டால் கூடுதல் தாள்களை இணைக்கலாம் என்பதே அதன் பொருள். இங்கே தொடருக்கு முன் காற்புள்ளி பெரும்பாலும் வருவதில்லை. காற்புள்ளி இட்டால், சொல்லி முடித்த பிறகு நினைவு வந்து சேர்த்ததுபோன்ற சாயல் கிடைக்கும். இரண்டும் சரியே. நடுவில் வைக்கும்போது மட்டும் இரு பக்கமும் காற்புள்ளி இட வேண்டும். ஒரு பக்கம் இட்டு மறுபக்கத்தை விட்டுவிடுவது, அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போவதைப் போன்றது.

வாக்கியத்தில் ஒரே ஒரு செயல் இருக்கும்வரை மூன்று இடங்களில் எதில் வைத்தாலும் பொருள் கெடாது. சிக்கல் தொடங்குவது இரண்டு செயல்கள் ‘அண்ட்’ என்பதால் இணைந்து வரும்போதுதான். நீரேற்றும் மோட்டாருக்கான கையேட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்: ‘கிளீன் த ஃபில்டர் அண்ட் ரீபிளேஸ் த வாஷர் இஃப் நெசசரி.’ வடிகட்டியைக் கட்டாயம் கழுவ வேண்டுமா, அல்லது அதுவும் தேவைப்பட்டால் மட்டும்தானா? ஆங்கில இலக்கணம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது. கடைசியில் நிற்கும் தொடர் தனக்கு அருகில் உள்ள செயலை மட்டும் பற்றலாம். இரண்டையும் சேர்த்தும் பற்றலாம். எழுதியவர் மனத்தில் இருந்தது எது என்பது மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரிய வழியில்லை.

இதே செய்தியைத் தமிழில் எழுதினால் குழப்பம் பெரும்பாலும் வராது. ‘வடிகட்டியைக் கழுவி, தேவைப்பட்டால் வாஷரை மாற்றவும்’ என்று எழுதும்போது ‘தேவைப்பட்டால்’ என்பது தனக்குப் பின் வருவதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. முன்னால் முடிந்துபோன ‘கழுவி’யை அது தொடுவதில்லை. தமிழில் நிபந்தனை, தான் ஆளும் செயலுக்கு முன்னால் வந்து நிற்கும். இந்தப் பழக்கத்தை இங்கே ஆங்கிலத்துக்குள் தாராளமாகக் கொண்டுபோகலாம். பிற இடங்களில் இடையூறாகும் தாய்மொழிப் பழக்கம் இங்கே உதவிக்கு வருகிறது. ‘கிளீன் த ஃபில்டர் அண்ட், இஃப் நெசசரி, ரீபிளேஸ் த வாஷர்’ என்று ‘அண்ட்’ என்பதை அடுத்துத் தொடரை வைத்துவிட்டால் கழுவுவது கட்டாயம், மாற்றுவது தேவையைப் பொறுத்தது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது. இரண்டு செயல்களுமே தேவையைப் பொறுத்தவை என்றால் தொடரை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகலாம்: ‘இஃப் நெசசரி, கிளீன் த ஃபில்டர் அண்ட் ரீபிளேஸ் த வாஷர்.’ ஒப்பந்தம், பணி ஆணை, பாதுகாப்புக் குறிப்பு ஆகியவற்றை எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கடைசியில் தொங்குகிற ‘இஃப் நெசசரி’ பேச்சில் பிழையன்று. இரண்டு செயல்கள் உள்ள அறிவுறுத்தலில் அதை நான் பிழையாகவே கருதுவேன்.

வினையை மட்டும்தான் இத்தொடர் கட்டுப்படுத்தும் என்றும் எண்ணிவிடக் கூடாது. வாக்கியத்தின் மிகச் சிறிய பகுதி ஒன்றின் அருகிலும் இதை நிறுத்தலாம். இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 1940 ஜூன் 4 அன்று பிரிட்டனின் மக்களவையில் அந்நாட்டுப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் ஆற்றிய உரையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகளிடம் சிக்காமல் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள் மீட்கப்பட்டு, அந்த மீட்புப் பணி முடிவடைந்த நாள் அது. பிரான்ஸ் இன்னும் சரணடைந்திருக்கவில்லை. ஆனால் சரணடையக்கூடும் என்பது அவையில் இருந்தோருக்குத் தெரிந்தே இருந்தது. கொடுங்கோன்மையின் அச்சுறுத்தலைத் தாங்கி நிலைத்து நிற்போம் என்று சொல்லிவிட்டு அவர் சேர்த்த சொற்கள்: ‘இஃப் நெசசரி ஃபார் இயர்ஸ், இஃப் நெசசரி அலோன்.’ தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில், தேவைப்பட்டால் தனித்து நின்று. போரிடுவதில் நிபந்தனை எதுவும் இல்லை. எவ்வளவு காலம், யாருடன் என்பவை மட்டுமே நிபந்தனைக்கு உட்பட்டவை. ‘இஃப் நெசசரி’யை வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் சொல்லியிருந்தால் போரிடுவதே தேவையைப் பொறுத்தது என்ற பொருள் வந்து, உரையின் முதுகெலும்பு முறிந்திருக்கும். நாமும் இதே முறையில் ‘ஐ வில் ஃபினிஷ் இட் டுடே, இஃப் நெசசரி வித்தவுட் லஞ்ச்’ என்று சொல்லலாம். வேலையை இன்று முடிப்பது உறுதி, மதிய உணவைத் துறப்பதுதான் தேவையைப் பொறுத்தது.

எதிர்மறை வாக்கியத்தில் தனிக் கவனம் வேண்டும். ‘தேவை இல்லாமல் மருத்துவமனைக்கு வர வேண்டாம்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் ‘இஃப் நெசசரி’ அங்கே பொருந்தாது. ‘டோன்ட் கம் டு த ஹாஸ்பிட்டல் இஃப் நெசசரி’ என்றால் தேவைப்பட்டால் வராதீர்கள் என்று தலைகீழாகிவிடும். அந்த இடத்துக்கு உரிய சொல் ‘அன்லெஸ்’: ‘டோன்ட் கம் டு த ஹாஸ்பிட்டல் அன்லெஸ் நெசசரி.’ உடன்பாட்டு வாக்கியமாக மாற்ற விரும்பினால் ‘கம் டு த ஹாஸ்பிட்டல் ஒன்லி இஃப் நெசசரி’ என்று ‘ஒன்லி’யைச் சேர்க்கலாம்.

‘இஃப் நாட் நெசசரி’ என்பது வேறொரு கண்ணி. ‘தேவையில்லை என்றால்’ என்ற பொருளில் அதை எழுதுகிறவர்கள் உண்டு. அப்பொருளுக்கு ‘இஃப் இட் இஸ் நாட் நெசசரி’ என்று முழுவதுமாக எழுதிவிடுவதே பாதுகாப்பு. ஏனெனில் ‘எ செகண்ட் ஒபினியன் இஸ் யூஸ்ஃபுல், இஃப் நாட் நெசசரி’ என்ற வாக்கியத்தில் அதே சொற்கள் இரண்டு வேறு பொருள்களைத் தருகின்றன. இரண்டாவது மருத்துவரின் கருத்து பயனுள்ளது, அவசியம் என்றே சொல்லலாம் என்பது ஒன்று. பயனுள்ளது, ஆனாலும் அவசியம் இல்லை என்பது மற்றொன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே குரல் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் இதைப் பிரித்தறிகிறார்கள். எழுத்தில் குரல் கிடையாது; ஆகவே தவிர்த்துவிடுங்கள்.

‘இஃப்’ என்பதற்குப் பதில் ‘ஆஸ்’, ‘வேர்’, ‘வென்’ ஆகியவையும் ‘நெசசரி’க்கு முன் வரும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் நுட்பமாக நகரும். தோசை மாவுக்கான குறிப்பில் ‘ஆட் வாட்டர் இஃப் நெசசரி’ என்றால், தண்ணீர் சேர்க்க வேண்டிவரலாம், வராமலும் போகலாம். ‘ஆட் வாட்டர் ஆஸ் நெசசரி’ என்றால், தண்ணீர் சேர்ப்பது ஏறத்தாழ உறுதி. எவ்வளவு, எத்தனை முறை என்பதை மாவின் பதம் பார்த்து நீங்கள் முடிவு செய்கிறீர்கள். ‘கரெக்ட் த ஸ்பெல்லிங் வேர் நெசசரி’ என்பது பிழை உள்ள இடங்களில் எல்லாம் திருத்தச் சொல்கிறது. ‘வென் நெசசரி’ தேவைப்படும் நேரங்களைக் குறிக்கிறது.

பெயரடையை மாற்றினாலும் சாயல் மாறும். சூழ்நிலை கட்டாயப்படுத்துவது ‘நெசசரி’. ஒரு விதியோ அதிகாரியோ கேட்பது ‘ரிக்வயர்ட்’. நேர்காணல் அழைப்பில் ‘புரொடியூஸ் த ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ஸ் இஃப் ரிக்வயர்ட்’ என்று இருந்தால், அவர்கள் கேட்டால் மூலச் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும் என்று பொருள். தேவையா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யும் உரிமை அங்கே இல்லை. ‘இஃப் நீடட்’ இவற்றைவிட எளிமையானது, பேச்சுக்கு ஏற்றது. ‘இஃப் நீட் பீ’ என்பதில் ‘நீட்’ பெயர்ச்சொல். ‘பீ’ என்பது இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் வழக்கொழிந்த ஒரு பழைய வினை வடிவம். அத்தொடர் அப்படியே உறைந்துபோனதால் அதை ‘இஃப் நீட் இஸ்’ என்றோ ‘இஃப் நீடட் பீ’ என்றோ மாற்ற முடியாது. எதற்கும் துணிந்து நிற்கிறேன் என்ற தொனி அதில் சற்றுக் கூடுதலாக ஒலிக்கும்.

நம் அரசு அலுவலகக் கடிதங்களில் ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதற்கு இணையாக எழுதப்படும் ‘பிளீஸ் டூ த நீட்ஃபுல்’ இந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. இந்தியாவுக்குள் அது செல்லுபடியாகும். வெளிநாட்டவருக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நேரடியாக எழுதிவிடுங்கள்.

‘நெசசரி’யிலிருந்து பிறந்த வினையடை ‘நெசசரிலி’. அது பெரும்பாலும் ‘நாட்’ என்பதோடு சேர்ந்தே நடமாடுகிறது. ‘நாட் நெசசரி’ என்றால் தேவையில்லை. ‘நாட் நெசசரிலி’ என்றால் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் ஏராளம். ‘ரிச் பீப்பிள் ஆர் நாட் நெசசரிலி ஹாப்பி’ என்பது பணக்காரர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது என்கிறது. பணக்காரர்களுக்கு மகிழ்ச்சி தேவையில்லை என்று சொல்லவில்லை.

இந்த வினையடையும் நம் தொடரும் ஒரே வாக்கியத்தில் சந்தித்த நிகழ்ச்சி ஒன்று கனடாவின் வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, கட்டாய ராணுவ சேவைக்காகச் சேர்க்கப்படுகிறவர்களைக் கடல் கடந்து அனுப்பமாட்டோம் என்று பிரதமர் மெக்கன்சி கிங்கின் அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கிலிருந்து தன்னை விடுவிக்குமாறு கேட்டு 1942 ஏப்ரல் 27 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. நாடு முழுவதுமாகப் பார்த்தால் பெரும்பான்மை ‘ஆம்’ என்றது. பிரெஞ்சு மொழி பேசுவோர் மிகுந்த கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மை ‘இல்லை’ என்றது. இரு தரப்பையும் கைவிட முடியாத கிங் அந்த ஆண்டு தன் கொள்கையை இப்படி விளக்கினார்: ‘நாட் நெசசரிலி கன்ஸ்கிரிப்ஷன், பட் கன்ஸ்கிரிப்ஷன் இஃப் நெசசரி.’ கட்டாய ராணுவ சேவை வந்தே தீரும் என்பதில்லை. தேவைப்பட்டால் கட்டாய ராணுவ சேவை. முதல் பாதி கியூபெக்கைப் பார்த்துப் பேசுகிறது, இரண்டாம் பாதி மற்றவர்களைப் பார்த்து. 1944 நவம்பரில், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களையும் வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று அவருடைய அரசு முடிவெடுத்தது.

கிங்கின் வாக்கியம் அரசியலுக்கு ஏன் அவ்வளவு வசதியாக இருந்தது என்று பார்த்தால் ‘இஃப் நெசசரி’யின் பெரிய குறை புலப்படும். தேவை வந்துவிட்டது என்று தீர்மானிப்பவர் யார் என்பதை இத்தொடர் சொல்வதே இல்லை. நண்பர்களுக்கு இடையே அது ஒரு பொருட்டன்று. அறிவுறுத்தலில் அது ஆபத்தாகலாம். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் மாத்திரையின் பெயரை அடுத்து ‘எஸ்ஓஎஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். கப்பல்கள் அனுப்பும் அபாயக் குறிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ‘சி ஓபஸ் சிட்’ என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை, பொருள் ‘தேவைப்பட்டால்’. மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் அது போதும். மாத்திரையை விழுங்கப்போகும் நோயாளிக்கு அதை ‘டேக் ஒன் டேப்லட் இஃப் நெசசரி’ என்று எளிய ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தாலும் போதாது. எவ்வளவு காய்ச்சல் வந்தால், எத்தனை மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ‘டர்ன் ஆஃப் த பவர் இஃப் நெசசரி’ என்று எச்சரிக்கைப் பலகை எழுதுகிறவரும், எந்த நிலையில் மின்சாரத்தை அணைக்க வேண்டும் என்பதை எழுதினால்தான் அந்தப் பலகையால் பயன் உண்டு.

தொனியிலும் ஒரு கவனம் தேவை. ‘கால் மீ இஃப் நெசசரி’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் மருத்துவமனையில் இருக்கும் உறவினருக்கு அப்படி எழுதினால், வேறு வழியே இல்லை என்றால் கூப்பிடு என்பதுபோல் ஒலிக்கும். ‘கால் மீ இஃப் யூ நீட் எனிதிங்’ என்பதில் அன்பு தெரிகிறது. ‘வில் யூ கம் ஆன் சண்டே?’ என்ற கேள்விக்கு ‘இஃப் நெசசரி’ என்று மட்டும் மறுமொழி சொன்னாலும், வருவதற்கு விருப்பமில்லை என்பதையே அது உணர்த்தும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு ‘சி’, இரண்டு ‘எஸ்’ என்பதை நினைவில் வைத்தால் போதும். ‘சி’யை இரட்டிப்பதுதான் வழக்கமாக நேரும் பிழை. உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையான ‘நெ’யில் விழ வேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் பின்வரும் அசைகள் தேய்ந்து ‘நெசஸ்ரி’ என்பதுபோல் கேட்கும்; அமெரிக்க வழக்கில் நான்கு அசைகளும் தெளிவாக ஒலிக்கும்.

பழகிப் பார்க்கச் சில வாக்கியங்கள். ‘மின்கம்பியைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் மாற்றவும்’ என்பதில் சரிபார்ப்பது கட்டாயம். ஆகவே ‘செக் த கேபிள் அண்ட், இஃப் நெசசரி, ரீபிளேஸ் இட்.’ ‘அவசியம் இருந்தால் ஒழிய வெளியே போகாதே’ என்பது எதிர்மறை. ஆகவே ‘டோன்ட் கோ அவுட் அன்லெஸ் அப்சல்யூட்லி நெசசரி.’ ‘விலை கூடியது எல்லாம் தரமானது என்று சொல்லிவிட முடியாது’ என்பதற்கு ‘எக்ஸ்பென்சிவ் திங்ஸ் ஆர் நாட் நெசசரிலி குட்.’ கடைசியாக, ‘தேவைப்பட்டால் இரவு முழுவதும் காத்திருப்போம்.’ இங்கே தமிழ் வாக்கியமே இரண்டு பொருள் தருகிறது என்பதைக் கவனியுங்கள். காத்திருப்பதே தேவையைப் பொறுத்தது என்றால் ‘இஃப் நெசசரி, வீ வில் வெயிட் ஆல் நைட்’ என்று எழுதலாம். காத்திருப்பது உறுதி, இரவு முழுவதுமா என்பதுதான் தேவையைப் பொறுத்தது என்றால் ‘வீ வில் வெயிட், இஃப் நெசசரி ஆல் நைட்’ என்று எழுத வேண்டும்.